நேர்ந்துவிட்ட சேவலுக்கு வைத்தியம்

ஜூலை 14, ஞாயிறு

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்: கோழியைவிட அருவருப்பான பிராணி இந்த உலகத்தில் கிடையாது. சாக்கடையைக் கிளறும், சளியைக் கொத்தும், தின்ற இடத்திலேயே கழியும், கழிந்த இடத்திலேயே மறுபடி தின்னும். அப்படிப்பட்ட ஒன்று இப்போது என் வீட்டுக் குளியலறையில், மிக்சி வந்த அட்டைப்பெட்டிக்குள், என்னுடைய பழைய பூத்துண்டின் மேல் கிடக்கிறது. மூச்சு இருக்கிறது. நாற்றமும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு வேலுத்தாயின் சேவல். காலை பத்து மணி இருக்கும். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கம் ஒரே கூச்சல், இறக்கை அடிக்கும் சத்தம். போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கவில்லை, எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வேலியோரம் சேவல் ஒருக்களித்துக் கிடந்தது. கழுத்தடியிலிருந்து நடுமுதுகுவரை தோல் உரிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே சிவப்புச் சதை துடித்தது. இரண்டு பக்கமும் பல் இறங்கிய ஓட்டைகள். வால் இறகு ஒன்றுகூட மிச்சமில்லை. காலையில் தின்ற இட்லி என் தொண்டைவரை வந்து திரும்பியது.

வேலுத்தாய் ஓடி வந்து பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ டீச்சர், எம் மகளுக்கு நேந்துவிட்டது டீச்சர். ஏழு மாசம் தாண்டுனா ஒனக்கு ஒரு சேவல்னு கருப்பன்கிட்ட வேண்டி, குஞ்சுலேயே கால்ல மஞ்சத்துணி கட்டி வளத்தேன். ஆடிக் கடேசி ஞாயித்துக்கெழம குடுக்கணும். அதுக்குள்ள செத்துப்போச்சுன்னா சாமி வேணாம்னுட்டாருன்னுல்ல அர்த்தம்?”

“வேற ஒண்ணு வாங்கிக் குடேன்.”

“நேந்ததத்தான் குடுக்கணும். மாத்திக் குடுக்க இது என்ன கடைச் சாமானா?”

அவள் மகள் நாகஜோதிக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. இரண்டும் ஐந்தாம் மாதத்தில். இது மூன்றாவது. இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் வகுப்பு நான்தான் எடுத்தேன். நல்ல பெண்.

வேலுத்தாய் அடுப்புச் சாம்பலையும் புகையிலைச் சாற்றையும் கொண்டுவந்து அப்பப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். பகலில் ஆள் கிடையாது. மற்றக் கோழிகள் ரத்தத்தைப் பார்த்தால் உயிரோடு கொத்தித் தின்றுவிடும். சொந்த இனத்தையே தின்கிற ஜாதி அது. அதனால்தான் சொல்லியிருப்பேன்.

காயத்தைச் சுற்றி இறகை வெட்டினேன். வெந்நீரை ஆறவைத்து உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினேன். தொங்கிய தோலை இழுத்து மூடி அயோடின் மருந்து தடவினேன். வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டேன். இருட்டும் கதகதப்பும்தான் முதல் மருந்து. பெட்டியை மூடிவைத்தேன்.

எது கடித்தது என்று தெருவில் கேட்டார்கள். கீரி என்றேன். “டீச்சரே சொல்லிட்டாங்க” என்று கலைந்துவிட்டார்கள்.

என் நாய் மேஜரைக் குளிப்பாட்டினேன். புதன்கிழமைதான் அவனுக்குக் குளியல். இருந்தாலும் இன்று வெயில் நன்றாக இருந்தது. கொல்லையில் கிடந்த இறகுகளைப் பெருக்கி அடுப்பில் போட்டேன். காற்றுக்கு என் பக்கம் நிறைய வந்துவிட்டது.

ஜூலை 15, திங்கள்

சாகவில்லை. கழிந்திருக்கிறது, பச்சையாக. இரண்டு முறை பெட்டி மாற்றினேன். கையைச் சோப்புப் போட்டு ஐந்து தடவை கழுவியும் அந்த வாடை போகவில்லை. மோர்சாதம் இறங்கவில்லை.

மேஜருக்குப் புதுச் சங்கிலி வாங்கினேன். பழையது துருப்பிடித்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

வேலுத்தாய் வேலைக்குப் போனபின் ஆட்டோ பிடித்துப் பெட்டியோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் ஒருவர், மீசையில் வெற்றிலைச் சாறு. கையுறை போடாமலே காயத்தைப் பிதுக்கினார். பார்க்கவே குமட்டியது. ஊசி போட்டார். ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தார்.

“என்னம்மா கடிச்சது?”

“கீரி.”

“கீரி கழுத்தக் கடிச்சு ரத்தத்த உறிஞ்சும்மா. இது முதுகப் பிடிச்சு ஒதறியிருக்கு. பல்லுக்குப் பல்லு எடைவெளியப் பாருங்க. நாயி.”

படிப்பறிவு இல்லாதவர்களிடம் என்ன பேசுவது. புத்தகத்தில் ஒன்று இருக்கும், இவர்கள் ஒன்று சொல்வார்கள். அவருக்கும் எங்கள் தெருவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சும்மாதான் கேட்டேன்.

வேலுத்தாய் மாலையில் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காப்பி கொடுத்தேன். “ஒங்க கைக்குப் புண்ணியம் டீச்சர்” என்றாள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தேன். அவள் சொல்லவே இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டால் தேவலை. எழுதுகிறேன்.

காலையில் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. எலி செத்த வாடை. சேவல் கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தது. மேலே காயம் சுத்தமாகத்தான் இருந்தது. இடது இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நான் கவனிக்காத ஓர் ஓட்டை. அதற்குள் வேகவைத்த அரிசிபோல ஏதோ. அரிசி நகர்ந்தது.

புழு.

வாசல்வரை ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முப்பத்தோரு வருடம் தவளையும் கரப்பானும் அறுத்துக் காட்டியவள்தான். ஆனால் அதெல்லாம் செத்தது, மருந்தில் ஊறியது. இது உயிரோடு இருக்கும்போதே தின்னப்படுகிறது. ஓர் ஈ ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கும். அதற்கு இவ்வளவு பலன்.

பூஜை சாமான் என்று எதுவும் வைத்துக்கொள்ளாத வீடு. கற்பூரத்துக்கு வேலுத்தாய் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவள் இல்லை. நாகஜோதி எழுந்து வந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள். எறும்புக்கு என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் புழு என்றா சொல்வது.

கற்பூரத்தைப் பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்து ஓட்டைக்குள் வைத்ததும் ஒவ்வொன்றாக நெளிந்து வெளியே வந்தன. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பழைய அறுவைப் பெட்டியின் இடுக்கியால் எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டேன். நாற்பத்தாறு. எண்ணினேன். எண்ணாவிட்டால் இடையில் நிறுத்தியிருப்பேன். அது அவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடக் கொத்தவில்லை. கொத்தியிருக்கலாம்.

ஜூலை 19, வெள்ளி

நேற்று இரவு எழுதிய இன்னொரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மை சிந்திவிட்டது.

ஜூலை 20, சனி

காஸ் வந்தது. புழு இல்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கொடுத்தேன். சேவலுக்கு முட்டை! தின்கிறது. வெட்கம் கெட்ட பிராணி.

ஜூலை 22, திங்கள்

கோயில் பூசாரி சின்னாண்டி வந்தார். நேர்ந்த சேவலுக்கு ஊனம் உண்டா என்று பார்க்க வேண்டுமாம். என் முன்னறையில், நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, சேவலை மடியில் கவிழ்த்துப்போட்டு, கண், கொண்டை, கால் விரல் எல்லாம் சோதித்தார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. சட்டையில்லாத உடம்பில் திருநீறும் வியர்வையும் கலந்து வழிந்தது. அவர் போனபின் நாற்காலியைத் துடைத்தேன்.

“எறகு மொளச்சிரும். கண்ணு, காலு, கொண்டை மூணும் நல்லாருக்கு. உசுரு மட்டும் போகாமப் பாத்துக்கங்க. கீரி வாயில போயும் பொழச்சுக் கெடக்குதுன்னா, கருப்பன் இத விடமாட்டேங்கிறான்னு அர்த்தம்.”

நான் என் செலவில் ஊசி போட்டு, என் கையால் புழு பொறுக்கிக் காப்பாற்றியது. பெயர் கருப்பனுக்கு. ஊரான் வீட்டு நெய்யே என்பது இதுதான்.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். இவர்கள் அதைப் பிழைக்கவைக்கச் சொல்வது வெட்டுவதற்காக. நான் இவ்வளவு நாள் அதை யோசிக்காமல் இருந்ததுபோல் இன்று திடுக்கிட்டேன். எனக்கு என்ன வந்தது? கோழி பிறந்ததே குழம்புக்கு.

ஜூலை 26, வெள்ளி

காலை எட்டு மணிக்கு மஞ்சள் தண்ணீர்க் குளியல். கழுத்தடியிலிருந்து முதுகு வழியாக ஒரு செம்பு, இறக்கைக்கு அடியில் அரைச் செம்பு. உடனே துண்டால் சுற்றித் துடைத்துவிடுகிறேன். ஈரம் நின்றால் சளி பிடிக்கும். காயத்தில் பொருக்குத் தட்டிவிட்டது.

முதல் வாரம் தண்ணீரைக் கண்டால் அடித்துக்கொண்டு சுவரில் மோதியது. இப்போது நிற்கிறது.

மேஜர் கட்டிய இடத்திலிருந்து குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வாரமாக அவிழ்த்துவிடவில்லை. தெருவில் வெறிநாய் நடமாட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வேலுத்தாய் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கொண்டுவந்தாள். வருடா வருடம் கொண்டுவருவாள். போன வருடம் எனக்கு டெங்கு வந்தபோது ஒன்பது நாள் கஞ்சி வைத்துக்கொடுத்து, நான் எடுத்த வாந்தியை முகம் சுளிக்காமல் அள்ளியவள் அவள். அதை நான் அப்போது எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாகஜோதியும் கூட வந்தாள். தரையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். சேவல் குளியலறையிலிருந்து நடந்து வந்து அவள் புடவை முந்தானையைக் கொத்தியது.

“எறகு மொளைக்குது டீச்சர். முள்ளு முள்ளா இருக்கு” என்று தடவினாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், “இந்தத் தடவையும் சரியா வரலன்னா வேற எடம் பாக்குறோம்னு அத்தை சொல்லிருச்சு. அவரு ஒண்ணும் சொல்லல. சும்மா உக்காந்திருந்தாரு.”

“சேவலுக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் ஒனக்கு என்ன பாடம் நடத்துனேன்?”

“தெரியும் டீச்சர். ஆனா இது செத்திருந்தா, எனக்கு அன்னிக்கே எதாவது ஆயிருக்கும். பயத்துலயே ஆயிருக்கும்.”

எழுந்து போய்த் தட்டு எடுத்துவந்தேன். சாதத்தில் முந்திரி போட்டிருந்தாள். வேலுத்தாய் வீட்டில் முந்திரி எனக்காக மட்டும்தான் வாங்குவார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

கூவிவிட்டான். காலை ஐந்து மணிக்கு, குளியலறைக்குள், சுவர் அதிரும்படி. நாராசம். நான் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன்.

மேலே “கூவிவிட்டது” என்று திருத்த வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காயம் மூடிவிட்டது. இனித் தண்ணீர் தேவையில்லை. ஆனால் எட்டு மணிக்குத் தானே வந்து குழாயடியில் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, ஊற்றுவதற்கு வாகாக இடது இறக்கையைத் தூக்கிக் கொடுக்கிறது. அதனால் ஊற்றினேன்.

வேலுத்தாயிடம் இன்று சொல்லிவிடலாம் என்று வேலிவரை போனேன். அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எதைச் சொல்ல என்று இங்கே எழுத வேண்டியதில்லை. “என்ன டீச்சர்?” என்றாள். “உப்பு இருக்கா?” என்றேன். வீட்டில் இரண்டு பாக்கெட் உப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குக் கோயில். கோயில் என்றால் நான்கு அரிவாளும் ஒரு கல்லும், மேலே தகரம். காய்ந்த ரத்தத்தில் ஈ மொய்த்தது. நான் போயிருக்க வேண்டியதில்லை. சேவலைத் தூக்கி வர வேறு யாரிடமும் அது அடங்கவில்லை என்பதால் போனேன். ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ரத்தம் பார்க்கக் கூடாதென்று நாகஜோதியைத் தள்ளி வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் மாமியார் புதுப் பட்டுப் புடவையில் முன்வரிசையில் நின்றாள்.

சின்னாண்டி சேவலை மண்ணில் நிறுத்தி, மாலை போட்டு, செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். இங்கே வழக்கம் இது: தண்ணீர் பட்டதும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார். சிலுப்பாததை வெட்ட மாட்டார்கள். நேர்ச்சை சாமியிடம் சேரவில்லை என்று ஆகிவிடும். எந்தக் கோழியும் தண்ணீர் பட்டால் சிலுப்பத்தான் செய்யும், இதில் சாமிக்கு வேலை இல்லை என்று நான் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

அது சிலுப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இடது இறக்கையைத் தூக்கிக் கொடுத்தது.

மறுபடி ஊற்றினார். அசையவில்லை. மூன்றாவது செம்பு. உடுக்கு நின்றுவிட்டது. ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

“எங்கயோ கொறை இருக்குத்தா” என்றார் சின்னாண்டி. “சொல்லிரு. என்ன கொறை?”

வேலுத்தாய் கையைக் கூப்பினாள். “நான் என்னய்யா செஞ்சேன்? போன மாசம் ஒரு வெள்ளிக்கெழம பசி தாங்காமக் கருவாடு தின்னேன். அதா? கூலி ஆளுகளோட சண்ட போட்டேன். அதா? கருப்பா, என்னன்னு சொல்லுய்யா!” என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பாவத்தைச் சொன்னாள். எல்லாம் எறும்பளவு பாவங்கள்.

அப்போது அந்த மாமியார் வாயைத் திறந்தாள். “ஆத்தாகாரி மேல என்ன இருக்கப் போகுது? கொறை மரத்தடியில உக்காந்திருக்கு. ரெண்டு தங்கலையே, ஏன்னு அன்னிக்கே யோசிச்சிருக்கணும். எவன் எவன் கூடப் பேசினாளோ, எங்கெங்க போனாளோ.”

கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பி மரத்தடியைப் பார்த்தார்கள். நாகஜோதி திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் குலுங்கியது. புருஷன்காரன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். காறித் துப்பலாம் போலிருந்தது.

“இதுக்குக் காரணம் நான்தான்” என்றேன். “இருபத்தெட்டு நாளா தெனமும் இதே மஞ்சத்தண்ணிய இதே எடத்துல ஊத்துனேன். அதுக்குப் பழகிப்போச்சு. பழகுன எதுவும் சிலுப்பாது. இதுல சாமியும் இல்ல, கொறையும் இல்ல.”

“டீச்சரம்மா, இது பள்ளிக்கூடம் இல்ல. தள்ளி நில்லுங்க” என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். மாமியார், “வா தம்பி, போவோம்” என்று மகன் கையைப் பிடித்தாள்.

அவன் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டான். அதைப் பார்த்தேன். அதன்பிறகு நான் யோசிக்கவில்லை.

“கீரி இல்ல!” என்று கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. “என் நாய். மேஜர்தான் கடிச்சான். நான் கண்ணால பாத்தேன். அவன் வாயத் தொறந்து நான்தான் இதப் புடுங்கி வேலியோரம் போட்டேன். இத்தன நாளா வேலுத்தாய்கிட்ட பொய் சொன்னேன். கொறை அந்தப் பொண்ணுகிட்ட இல்ல. என்கிட்ட இருக்கு.”

வேலுத்தாய் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் வைத்த கை வைத்தபடியே இருந்தது.

அப்போது சேவல் சிலுப்பியது. கொண்டை முதல் வால்வரை, புது இறகெல்லாம் குத்திட்டு நிற்க, தண்ணீர் சிதறி என் முகத்தில் பட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியதும் நான் துண்டால் சுற்றித் துடைப்பேன். அது துண்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. துண்டு வரவில்லை. ஈரம் பொறுக்காமல் தானே உதறிக்கொண்டது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் குலவை கிளம்பிவிட்டது. “பேசிட்டான்யா கருப்பன்!” என்று ஒருவன் மண்ணில் விழுந்தான். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொய்யைக் கண்டுபிடிக்கிற சாமி என்று இனி நூறு வருடத்துக்குச் சொல்வார்கள். மூடநம்பிக்கையை ஒழிக்க முப்பத்தோரு வருடம் தொண்டை கிழியக் கத்தியவள், மூன்று வரியில் அந்தக் கல்லுக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அரிவாள் விழுந்தபோது நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கலாம்.

சாயங்காலம் வேலுத்தாய் தூக்குவாளியோடு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் வைத்தாள்.

“வேலுத்தாயி, நாயைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுடறேன்.”

“எதுக்கு? நாயி கடிச்சது. அது நாயி. கோழியக் கண்டா கடிக்கத்தான் செய்யும்.” தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள். “அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன டீச்சர் செஞ்சிருப்பேன்? ரெண்டு வார்த்த வஞ்சிருப்பேன். அப்பறம் ரெண்டு பேருமாப் பாத்திருப்போம். நான் தெனமும் வந்து ஒங்களுக்குப் புண்ணியம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனேன். நீங்களும் காப்பி போட்டுக் குடுத்தீங்க.”

“தப்புதான்.”

“சாமிக்குக் கொறை தீந்துருச்சு. எனக்குத் தீரல டீச்சர்.” படியிறங்கிவிட்டுத் திரும்பினாள். “நேந்த கறி. கீழ போடக் கூடாது. நாயிக்கும் வைக்கக் கூடாது. சாப்புட்டுருங்க.”

மேஜர் வாசனைக்குச் சங்கிலியை இழுத்துக்கொண்டு முனகினான். சனியனே, சும்மா இரு என்று அதட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு தட்டில் கொட்டினேன். எனக்கென்று முதுகுத் துண்டைப் பொறுக்கி வைத்திருந்தாள். வேண்டுமென்றுதான் வைத்தாளா, கரண்டிக்கு வந்ததா, தெரியவில்லை. மஞ்சள் தடவி வாட்டிய தோல். நடுவில் ஒரு கோடு, மற்ற இடத்தைவிட வழுவழுப்பாக, மெல்லியதாக. இருபத்தெட்டு நாளில் என் கையடியில் வளர்ந்த தோல் அது.

குமட்டவே இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து, அழுதுகொண்டு, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் முழுவதையும் தின்றேன். எலும்பைக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். வாளியைக் கழுவி வேலிமேல் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தபோது வாளி இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஒரு செம்பு தண்ணீர் பிடித்துவிட்டேன். கீழே ஊற்றினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாகஜோதிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மூன்று கிலோவாம். வேலுத்தாய் தெரு முழுக்க வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனாளாம். பால்காரர் சொன்னார்.